கப்பலா, கஞ்சியா

எனக்கு இருபத்திரண்டு வயது நடக்கும்போது ஜெர்மனி தேசத்து அரசியல்வாதி ஒருவர்மேல் பைத்தியம் பிடித்தது. நாகர்கோவிலில் என்னோடு இண்டர்மீடியட் படித்தவர்களில் சிலருக்குக் கதர்மேல் பிடித்தது, சிலருக்கு நாடகக் கம்பெனிமேல் பிடித்தது, ஒருவனுக்கு மோட்டார் பஸ்மேல் பிடித்து அவன் கிளீனராகவே போய்விட்டான். அவர்களையெல்லாம் ஊர் புரிந்துகொண்டது. என்னைத்தான் புரிந்துகொள்ளவில்லை.

அந்த மனிதரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதில் உயிரெழுத்து இரண்டோ மூன்றோதான். மீதியெல்லாம் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்கும் மெய்யெழுத்து. நான் அதை நான்கு விதமாகச் சொல்லிப் பழகி, நான்கையும் மாறி மாறிச் சொன்னதில், ஊரில் சிலர் அவர்கள் நான்கு பேர் என்றே நினைத்திருந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் அவர் 'உனக்க ஜெர்மன்காரன்' ஆனார்.

அப்போது நான் புதுக்கடைக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வாத்தியார். தற்காலிகம். முதல் வாத்தியார் எங்கள் சபையின் உபதேசியார்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் வாய்ப்பாடு. வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து தலைகளை எண்ணுவார். பட்டியலில் முப்பத்திரண்டு பிள்ளைகள். எண்ணிக்கை சரியாக இருந்தால் இரண்டாம் வாத்தியார் தேவை என்று எழுதுவார், நான் நிரந்தரம். குறைந்தால் நான் வீட்டுக்குப் போய் அப்பாவின் புகையிலைக் கடையில் உட்கார வேண்டும். அப்பா எனக்கென்று ஒரு முக்காலி வாங்கித் துடைத்தும் வைத்திருந்தார். அந்த முக்காலியை நினைத்தால் எனக்கு உறக்கம் வராது.

ஜெர்மன்காரர் எனக்குக் கிடைத்தது பங்களாவிலிருந்து. மிஷன் துரை வாசித்து முடித்த சென்னை ஆங்கிலப் பத்திரிகை, வாரத்துக்கு ஒரு கட்டாக எங்கள் வாலிபர் சங்கத்து வாசகசாலைக்கு வரும். வருமுன்னே துரைசானி அதில் கம்பளி பின்னுவதற்கான மாதிரிப் படங்கள் இருக்கும் பக்கங்களைக் கத்திரித்து எடுத்துக்கொள்வாள். ஆகவே உலக அரசியல் எங்களுக்கு ஓட்டையோடுதான் வந்தது. என் ஆளின் முதல் பெரிய பேச்சு எப்படி முடிந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் பின்புறத்தில் குழந்தைத் தொப்பி ஒன்று இருந்திருக்கிறது.

ஓட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான் சேர்த்தெடுத்த வரலாறு இது. அவர் முதலில் பள்ளிக்கூட வாத்தியார். இதை வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கண் பார்வை குறைவு; ஆகவே மகாயுத்தத்தில் துப்பாக்கி பிடித்ததில்லை. யுத்தம் முடிந்து தொழிலாளர் கட்சி ஒன்றின் சார்பில் பார்லிமெண்டுக்குள் போனார். போனவர் மற்ற எதையும் தொடவில்லை. பாதுகாப்பு, பாதுகாப்பு, பாதுகாப்பு. தோற்ற தேசம் அது. இவ்வளவுக்குமேல் பட்டாளம் கூடாது, டாங்கி கூடாது, பெரிய கப்பல் கூடாது என்று ஜெயித்தவர்கள் எழுதி வாங்கியிருந்தார்கள். அங்கே சிப்பாய்கள் மோட்டார் காரைச் சுற்றி அட்டை கட்டி அதையே டாங்கி என்று வைத்துக்கொண்டு பழகினார்களாம். அந்த அட்டைக்கும் கேள்வி கேட்டவர் எங்கள் ஆள். அட்டை மழையில் நனைந்தால் என்ன ஏற்பாடு என்று.

வாசகசாலைக்கு எதிரே எங்கள் சங்கத்துக் காரியதரிசி தையல் மெஷின் போட்டிருந்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து எட்டாம் வகுப்போடு எழும்பிப் போனவன். நான் வாசித்ததையெல்லாம் அவனிடம்தான் கொட்டுவேன்.

"லே மக்கா, உனக்க ஜெர்மன்காரன் துப்பாக்கியே பிடிச்சதில்லன்னு சொல்லுக. பின்னே பட்டாளக் காரியம் அவனுக்கு என்னெ தெரியும்?"

"நீ துரைசானிக்குப் பாவாடை தச்சுக் குடுத்தியே. நீ உடுத்துப் பாத்தா தச்ச?"

"நான் அளவு எடுத்தேன் லே."

"அவரும் அளவுதான் எடுக்காரு. ஒரு சிப்பாய்க்கு வருஷத்துக்கு எத்தனை ஜோடி பூட்ஸ் வேணும்னு அவருக்குத் தெரிஞ்ச மாதிரி ஜெனரலுக்கே தெரியாது."

அவன் மெஷினை இரண்டு சுற்றுச் சுற்றினான். "அப்போ தையல்காரன்னு சொல்லு. கொள்ளாம், நல்ல தொழில்தான்."

அந்த வருஷம் ஜெர்மனியில் தேர்தல் வந்தது. அரசாங்கம் ஒரு கவசக் கப்பல் கட்டப் பார்த்தது. என் ஆளின் கட்சி, கப்பல் வேண்டாம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடு என்று சுவரெல்லாம் ஒட்டி ஜெயித்தது. எங்கள் ஊரிலும் அப்போது, வைகாசியில் பிடிக்கும் இடவப்பாதி மழை. கடலில் வள்ளம் இறங்காது, பனையேற்றமும் இல்லை. அந்த மாதங்களில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. வயிற்றுக்கு ஒன்றுமில்லாமல் இரண்டு மைல் நனைந்து வந்து ஏழெட்டு ஐம்பத்தாறு சொல்ல யாருக்கு மனசு வரும். எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வாலிபர் சங்கத்தை ஜெர்மன் முறைப்படி திருத்தினேன். சங்கத்துக்கு மந்திரிசபை, மந்திரிசபைக்குத் தேர்தல், எங்கள் வாக்குறுதி, பள்ளிக்கூடத்தில் மத்தியானக் கஞ்சி. சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கு வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பிடியரிசியில் பங்கு கேட்டோம். கோயில் தென்னந்தோப்பில் விழும் மட்டையை விறகாகக் கேட்டோம். ஜெயித்தோம். போட்டி போட்டவர்கள் வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கஞ்சி தொடங்கிய நான்காம் நாள் முப்பது பிள்ளைகள். ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை, பலாமரத்துப் பிலாவிலையைக் கோட்டி ஈர்க்குச்சி குத்திய கரண்டி. எனக்குக் கஞ்சி இலாகா தருவதாகச் சொன்னார்கள். நான் பாதுகாப்பைத்தான் கேட்டு வாங்கினேன்.

பாதுகாக்க ஒன்று வேண்டுமே. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தரிசில் மரச்சீனிக் கம்பு நட்டோம்; வெளியூரில் மரவள்ளி என்பார்கள். பிடியரிசி வற்றும் நாளில் பிள்ளைகளுக்குக் கிழங்கு ஆகும் என்பது திட்டம். கம்பு தளிர்த்து இடுப்பளவு வந்ததும் எதிரி வந்தான்.

எதிரி ஒரு கிடா. அது டீக்கனாருடையது. டீக்கனார் சபையில் பெரிய கை. பள்ளிக்கூடத்துக் கூரை அவர் கொடுத்த மரம். ஆட்டையும் அவர் சும்மா வளர்க்கவில்லை. கோயிலில் காணிக்கைகளை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கென்று நேர்ந்து விட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அப்படி நேர்ந்த உருப்படிமேல் ஒருவரும் கை ஓங்க மாட்டார்கள். அது கர்த்தருடையது, கர்த்தருடையது தின்றால் கர்த்தர் தின்ற கணக்கு. கிடாவுக்கும் இந்தச் சட்டம் தெரிந்திருந்தது. வாசலில் உலர்த்திய நெல்லில் வாய் வைத்துவிட்டு, விரட்ட வந்த பெண்ணை நின்று நிதானமாகப் பார்க்கும். என் ஜெர்மன்காரருக்கு எதிரே வெறும் பிரான்ஸும் போலந்தும்தான். எனக்கு எதிரே பரலோகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஒரு வல்லரசு.

டீக்கனாரிடம் தூது போனேன்.

"கட்டிப் போடக்கூடாதா ஐயா?"

"நேந்த ஆட்டைக் கட்டுவாங்களா, தம்பி? அது மனசுபோல மேயணும். ஏலத்தில கொழுத்து நிக்கணும்."

"அப்போ வேலி கட்டுகோம்."

அவர் முகம் மாறியது. "வேலியா? எனக்க கிடாவைக் கள்ளன்னு ஊருக்கு முன்னால எழுதி வைக்கப் போறியோ?"

மந்திரிசபை தையல் மெஷினைச் சுற்றிக் கூடியது. வேலிக்கு வேண்டியது மட்டை. அதே மட்டைதான் கஞ்சிக்கு விறகு. அரிசி கேட்டால் ஊரில் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். கோயிலுக்குப் பிடியரிசி என்று விதி இருக்கிறது. பிடிவிறகு என்று ஒன்று எந்த விதியிலும் இல்லை. நட்டால் வேலி, எரித்தால் கஞ்சி. இரண்டு தேங்காய் வெட்டுக்கு விழும் மட்டை முழுவதும் வேலிக்கே போகும்; அதுவரை அடுப்பு எரியாது. நாங்கள் நான்கு மந்திரிகளும் யோசித்து, கிழங்கு இருந்தால்தான் பின்னால் கஞ்சியும் இருக்கும் என்று தீர்மானித்து, வேலி என்று கையெழுத்துப் போட்டோம்.

அதே சமயம் அங்கேயும், நம்பினால் நம்புங்கள், என் ஆள் மந்திரி ஆகியிருந்தார். அந்த மந்திரிசபையும் கப்பல் கட்டலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தது. வாசித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கட்சிக்காரர்களுக்குச் சிலிர்க்கவில்லை. சாப்பாடு என்று சொல்லித்தானே ஓட்டு வாங்கினாய் என்று பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊரிலும் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் தாய், ஓலைக் கடவத்தில் மீன் சுமந்து விற்பவள், என்னை வழியில் நிறுத்தினாள்.

"சாரே, கஞ்சி நிக்கப் போவுதுன்னு சொல்லுகாவளே."

"கொஞ்ச நாளைக்கு, அக்கா. பின்னே கிழங்கு வருமில்லா."

"கஞ்சி நிக்கிய அன்னைக்கு எனக்க மவ என்கூட முட்டத்துக் கடப்புறத்துக்கு மீன் சுமடு எடுக்க வருவா. சொல்லல்லன்னு சொல்லாதீங்க."

அவள் போனபின் நான் எண்ணிப் பார்த்தேன். கஞ்சி நின்றால் பத்துப் பன்னிரண்டு பேராவது குறைவார்கள். முக்காலி கண்முன் வந்து நின்றது. வேலி இல்லாவிட்டாலோ கிழங்கு இல்லை. பிடியரிசி வற்றியதும் அதே பத்துப் பேர் குறைவார்கள். அதே முக்காலி.

என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது பங்களாக் கட்டு வந்தது. அதில் ஒரு ஓட்டையும் இல்லாமல் அந்தச் செய்தி. கட்சி கட்டளையிட்டுவிட்டதாம், மந்திரிகள் தாங்கள் கையெழுத்துப் போட்ட கப்பலுக்கு எதிராகத் தாங்களே எழுந்து ஓட்டுப் போட்டார்களாம். என் ஆளும் எழுந்திருக்கிறார். ஆனால் மற்றக் கட்சிகள் சேர்ந்துகொண்டதால் கப்பல் ஜெயித்துவிட்டது. கப்பலும் கிடைத்தது, வாக்கும் தவறவில்லை. மற்ற மந்திரிகள் வெட்கப்பட்டதாகப் பத்திரிகை எழுதியது. நான் அதில் வெட்கப்பட ஒன்றையும் காணவில்லை. தெருவைத் தாண்டி ஓடினேன்.

தையல்காரன் முழுவதையும் கேட்டுவிட்டு ஊசியை வாயிலிருந்து எடுத்தான். "அதாவது, வேலி வேணும்னு நாம சொல்லியது. வேலி வேண்டாம்னு நீ பேசியது. வேலி ஜெயிக்கியது."

"அதேதான்."

"நீ தோக்கணும்."

"கண்ணியமாத் தோக்கணும்."

அவன் மண்கட்டியால் துணியில் கோடு போட்டு எண்ணினான். ஆட்டால் நஷ்டப்பட்ட வீடுகள் எல்லாம் வேலிக்கு. டீக்கனாரின் சொந்தக்காரர்கள் எதிர். எப்படிப் பார்த்தாலும் வேலிக்கு ஏழெட்டுக் கை கூடுதல். "நீ பயப்படாண்டாம், மக்கா. எப்படிப் பேசினாலும் தோத்துருவ," என்று தைரியம் சொன்னான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலுக்குள்ளேயே கூட்டம். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், நடுவில் உபதேசியார். மந்திரி என்ற முறையில் வேலித் தீர்மானத்தை வாசித்தேன். அங்கத்தினன் என்ற முறையில் அதை எதிர்த்துப் பேச எழுந்தேன். சுருக்கமாகப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் ஐம்பது அறுபது முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு வயது இருபத்திரண்டு. சிரட்டையைச் சொன்னேன். பிலாவிலையைச் சொன்னேன். நனைந்த தலையோடு வரும் பிள்ளை கஞ்சியின் ஆவியில் முகத்தைக் காட்டுவதைச் சொன்னேன். மீன்காரியக்கா முந்தானையை எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வேகம் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு மாதிரி எங்கள் உபதேசியாரின் பிரசங்கம்தான். அவர் கடைசியில் குரலை மேலே மேலே ஏற்றி, சட்டென்று கீழே இறக்கி, கண்ணை மூடிக்கொள்வார். நானும் ஏற்றினேன். இறக்கினேன். "இந்தச் சிறுபிள்ளைகளின் அடுப்பு ஒருநாளும் அணையாதிருப்பதாக," என்று சொல்லிக் கண்ணை மூடினேன்.

கோயில் முழுவதும் ஒரே குரலாக, "ஆமென்."

சொன்னவர்களுக்கே அது சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஏற்றமும் இறக்கமும் வந்தால் அந்த இடத்தில் வாய் தானாகத் திறக்கும். ஞானஸ்நானம் பெற்ற நாள்முதல் பழக்கம். கண்ணைத் திறந்து பார்த்தேன். தையல்காரனும் ஆமென் சொல்லியிருந்தான். அவன் வாய் இன்னும் மூடவில்லை.

"இனி கை தூக்கி எண்ணலாமே, ஐயா," என்றேன் உபதேசியாரிடம்.

அவர் வேதப்புஸ்தகத்தை மூடினார். "ஆமென் சொல்லியாச்சு, தம்பி. கோயிலுக்குள்ள சபை ஆமென் சொன்ன காரியத்தைப் பின்னே கையைத் தூக்கி எண்ணுகதா? அது நடக்காது. மட்டை அடுப்புக்குத்தான்."

டீக்கனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாளும் உன்னை என்னமோன்னு நினைச்சேன். இன்னைக்கு நீ மனுஷன்." வெளியே வந்ததும் தையல்காரன், "உனக்க ஜெர்மன்காரன் பார்லிமெண்டில ஒருத்தனும் ஆமென் சொல்லல்ல போல," என்றான்.

என் ஆள் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் மந்திரியாக இருந்தார். மந்திரிசபை விழுந்தது, பின்வரிசைக்குப் போனார், அங்கிருந்தும் பூட்ஸ் பற்றியே பேசினார். இதை எழுதுவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் தேசத்தில் ஒரே கட்சி, ஒரே ஆள் என்று எல்லாம் மாறியது. இப்போது கட்டு முழுக்க ஜெர்மனிதான், பக்கம் பக்கமாக. அவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. பங்களாவுக்கே போய், வெட்டியெடுத்த பக்கங்களைக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று துரைசானியிடம் கேட்டேன். பெட்டி நிறைய எடுத்து வைத்தாள். ஸ்வெட்டர்களின் முதுகில் எல்லாம் தேடினேன். இல்லை.

பழைய கதைக்கு வருகிறேன். அந்த வருஷம் வேலி போனபின் மரச்சீனியைக் காக்க ஒரே வழிதான் இருந்தது. மழை விட்டதும் வகுப்புகளை வெளியே கொண்டுபோனேன். நான்கு வகுப்பு, நான்கு பக்கம். ஒன்றாம் வகுப்பு வடக்கே, இரண்டு கிழக்கே, மூன்று தெற்கே, நான்கு மேற்கே. உபதேசியாருக்கும் பள்ளிக்கூடத்துக்குள்ளே புழுக்கம்தான், சரி என்றார். நல்ல பட்டாளம் சின்னதாக இருந்தாலும் போதும், வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று என் ஆள் ஒருமுறை சொல்லியிருந்தார். அதையே சட்டமாக்கினேன். கிடா எந்தப் பக்கம் தலை காட்டுகிறதோ அந்தப் பக்கத்துக்கு அக்கம்பக்கத்து வகுப்புகள் ஓசையில்லாமல் ஓடிப்போய் உட்கார்ந்துவிட வேண்டும். அடிக்கக்கூடாது, கத்தக்கூடாது. கர்த்தருடைய ஆடு. உட்கார்ந்து பார்த்தால் போதும். பிள்ளைகள் இதை வாய்ப்பாட்டைவிட நன்றாகப் படித்தார்கள். தை பிறந்தபோது மரச்சீனி ஆளுயரம். ஒரு இலை போகவில்லை.

இன்ஸ்பெக்டர் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வில்வண்டியில் வந்து இறங்கினார். திருவனந்தபுரத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ், தடித்த கண்ணாடி. டீக்கனார் வழியிலேயே பிடித்து ஒரு ரசகதலி வாழைக்குலையைச் சேவகன் தோளில் ஏற்றி அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடத்துக்குள் போனார், காலி. மரச்சீனிக்குள்ளிருந்து ஏழெட்டு ஐம்பத்தாறு கேட்டது.

"இது என்ன ஏற்பாடு?" என்றார் என்னிடம்.

"காற்றோட்டம், சார்."

"கொள்ளாம். நான் எண்ணும்," என்று பட்டியலை விரித்து வடக்கே தொடங்கினார். சேவகன் பின்னால் குலையோடு. குலைக்குப் பின்னால் கிடா.

நான் அதைப் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. அவர் கிழக்கே திரும்ப, கிடா கிழக்கே திரும்ப, எண்ணி முடித்த வடக்குப் பிள்ளைகள் செடிமறைவில் சட்டப்படி ஓடிக் கிழக்கே உட்கார்ந்தார்கள். தெற்கே போனார், கிழக்கும் தெற்கே போயிற்று. ஓசையில்லாமல். அவ்வளவு அழகாக அவர்கள் அதுவரை செய்ததில்லை. ஒரு சுற்று முடிந்ததும் இன்ஸ்பெக்டர் நின்று கூட்டினார்.

"ஐம்பத்து நாலு."

மறுபடி சுற்றினார். நாற்பத்தேழு. மூன்றாவது சுற்றில் அறுபத்தொன்று. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, ரிஜிஸ்டரில் முப்பத்திரண்டு. பாக்கிப் பிள்ளைகளை எவிடேருந்து கொண்டுவந்தீர்? நான் வருகிற அன்றைக்கு அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இரவல் வாங்குகிற வாத்தியார்களை எனக்குத் தெரியும். அவர்களெல்லாம் இப்போ வீட்டில்."

கிடா, தற்காப்பு, ஜெர்மனி என்று எங்கே தொடங்குவது. அப்போது உபதேசியார் போய்க் கஞ்சி மணியை அடித்தார். நான்கு பக்கமும் நொடியில் காலி. பிள்ளைகள் எல்லாம் முற்றத்தில் ஒரே வரிசையில், சிரட்டையை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லது," என்றார் இன்ஸ்பெக்டர். "இனி ஒருத்தரும் அனங்கக்கூடாது, இருந்த இடத்திலிருந்து அசையக்கூடாது. வாத்தியாரும் அனங்கக்கூடாது. ஒருத்தர் எழுந்தாலும் நான் எழுதவேண்டியதை எழுதிவிடும்."

ஒன்று, இரண்டு என்று சிரட்டையைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் இலை கிழியும் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரு கொப்பு முடிந்து அடுத்த கொப்பு. மீன்காரியக்காவின் மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அவள் ஒரு காலை ஏற்கெனவே ஊன்றிவிட்டாள். உத்தரவுக்குக் காத்திருந்தாள்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

அவள் கண்ணில் தெரிந்த ஏமாற்றத்தை நான் சொல்லி முடியாது. காலை மடக்கிக்கொண்டாள். இருபது, இருபத்தொன்று. கம்பு ஒன்று ஒடிந்தது. இன்ஸ்பெக்டர் நடுவில் சந்தேகப்பட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரசாங்க உத்தியோகஸ்தன்போல் நேராக நின்றேன்.

"முப்பத்தொன்று. ஒரு ஆள்?"

"காய்ச்சல், சார்."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். மை உலர ஊதினார். ஒரு சிரட்டைக் கஞ்சி வாங்கி, பிலாவிலையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் வேட்டியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு குடித்தார். அதற்கப்புறம்தான், "இனி அனங்கலாம்," என்றார். முப்பத்தொரு பிள்ளைகளும் ஓடினார்கள். கிழக்குப் பக்கம் முழுவதும் மொட்டைக் கம்பு. கிடா நடுவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மாசியில் நிரந்தர உத்தரவு வந்தது. அதே வாரம் கிழங்கு பிடுங்கினோம். மூன்று பக்கம் நன்றாகத்தான் விளைந்திருந்தது. கிழக்கே விரல் பருமன். பிள்ளைகளுக்கு அவித்தது போக ஒரு தட்டு டீக்கனாருக்கும் கொடுத்தனுப்பினோம், மீன் கறியோடு. தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டு அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தார்.

"கிழங்கு கொள்ளாம், தம்பி," என்றார். "காவல்தான் போராது."